பொருள்களுக்கு வரன் பார்த்தவர்

தரகர் என்றுதான் அந்தக் கட்டடத்தில் எல்லாரும் அவரைக் கூப்பிட்டார்கள். நியமன உத்தரவில் வேறு ஏதோ பதவி போட்டிருந்தது. அதை முழுதாகப் படித்தவர் யாரும் இல்லை, அவர் உட்பட. பெண்ணுக்கு மாப்பிள்ளை, மாப்பிள்ளைக்குப் பெண் என்று பாதி ஆயுள் அலைந்தவர். பிள்ளைகள் கைபேசியிலேயே ஒருவரையொருவர் பார்த்து முடித்துவிட்டு, பெற்றவர்களுக்குத் தகவல் மட்டும் சொல்ல ஆரம்பித்த காலத்தில் தொழில் படுத்துவிட்டது. அப்போதுதான் இந்த வேலை வந்தது. மனிதர்களை விட்டுப் பொருள்களுக்கு வரன் பார்க்கும் வேலை.

விளையாட்டாகச் சொல்லவில்லை. கீழே கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், நிலத்துக்கு அடியில் மூன்று தளங்கள் என்று நிற்கிற பெரிய கட்டடம் அது. விளக்கு, கதவு, பம்பு, காப்பி இயந்திரம் எல்லாவற்றுக்குள்ளும் ஒரு சொட்டு மூளை வைத்திருந்தார்கள். எதையும் எதனோடும் யாரும் முன்கூட்டிக் கோத்து வைப்பதில்லை. ஒரு கதவுக்கு வெளிச்சம் தேவைப்பட்டால் அது கட்டடம் முழுக்கக் கேட்கும்: வெளிச்சம் தருபவர் யார்? விளக்குகள் தத்தம் சுயவிவரத்தை நீட்டும். நடுவில் உட்கார்ந்திருக்கும் மென்பொருள் (சேர்ப்பான் என்று அதற்குப் பெயர்) விவரங்களைப் படித்துப் பார்த்து, பொருத்தம் அதிகமுள்ளதைக் கோத்துவிடும். கோத்த விளக்கு நாளை பழுதானால் சேர்ப்பான் கண்ணீர் விடாது. அந்த நொடியே அடுத்த விளக்கு. துக்கம் விசாரிக்க வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள் மறுகல்யாணம் முடிந்திருக்கும்.

அந்தச் சுயவிவரங்களை முதலில் பொறியாளர்கள்தான் எழுதினார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை மாதிரி இருந்தது. எந்தப் பொருளும் எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பாதிக் கட்டடம் கட்டைப் பிரம்மச்சாரியாகக் கிடந்தது. அப்புறம்தான் நிர்வாகத்துக்கு யோசனை வந்து, இந்த மனிதரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். வழுக்கையை அகன்ற நெற்றி என்றும், வேலையில்லாதவனைச் சொந்தத் தொழிலில் முனைப்பு என்றும் எழுதித் தேறிய கை. பொய் எழுதமாட்டார். உண்மையை முகம் கழுவி, தலை வாரி அனுப்பிவைப்பார். கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறிக்கு அவர் எழுதியது: “இருக்கும் இடம் கலகலப்பாக இருக்கும்.” ஒரே வாரத்தில் அதைக் கூட்ட அறை எடுத்துக்கொண்டது.

இடம் என்ற கட்டத்தில் மட்டும் அவருக்குப் பழைய தொழில் பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சந்துக்குள் ஒண்டுக்குடித்தன அறையில் இருந்தால் அதை எந்தத் தரகரும் எழுதுவதில்லை; நகரத்தின் பெயரை மட்டும் போட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் இவரும் எந்தப் பொருளுக்கும் மூலை முடுக்கெல்லாம் எழுதாமல், இடம்: கட்டடம் முழுவதும் என்று போட்டுவிடுவார். பார்க்க நிறைவாக இருக்கும்.

மேல் தளத்துப் பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல அதற்குள் ஒரு சின்னக் கருவி. யாரும் அதைச் சீந்துவதில்லை என்று அங்கே உட்காரும் வரவேற்புப் பெண் குறைப்பட்டுக்கொண்டாள். தரகருக்கு மனசு கேட்கவில்லை. “நீர்மட்டம் சொல்வதில் கைதேர்ந்தது. இரவு பகல் பாராது. இதுவரை ஒரு தவறும் சொன்னதில்லை. இடம்: கட்டடம் முழுவதும்” என்று எழுதினார். கையோடு கையாக, நோயாளிகள் குறை சொல்வதற்காக அங்கே மேசைமேல் வைத்திருந்த பேச்சுப் பெட்டிக்கும் நாலு வரி: “பொறுமையானது. யார் பேசினாலும் கேட்கும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது.” மனிதர்களில் இப்படி ஒரு வரனைக் காட்டியிருந்தால் வாசலில் வரிசை நின்றிருக்கும்.

இந்தத் திறமையை மதிக்காத ஒரே ஜீவன் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி, அதே கட்டடத்தில் எலெக்ட்ரீஷியன். இவர்கள் வீட்டிலேயே தங்கி, இவர்கள் சாப்பாட்டையே சாப்பிட்டு, சாப்பிடும்போதே இவரை வாரிக்கொண்டிருப்பான். “நீங்க எழுதினதைப் படிச்சா எனக்கே அந்த ஃபேனைக் கட்டிக்கலாம்னு தோணுது மாமா” என்பான். எனக்குத் தங்கை ஒருத்தி இருந்திருந்தால் உன்னை எழுதியே அவள் தலையில் கட்டியிருப்பேன் என்று இவர் திருப்பிக் கொடுப்பார். அக்காக்காரி இரண்டு பேருக்கும் நடுவில் கரண்டியோடு நிற்பாள்.

அன்று மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. அலுவலகங்கள் சீக்கிரமே மூடிக்கொண்டன. சாயங்காலம் கட்டுப்பாட்டு அறையில் தரகரும் மேலாளரும் மட்டும் இருந்தார்கள். மேலாளர் பச்சை நிறத்தை மட்டுமே நம்பும் அம்மாள். எதிரே சுவர் அளவுக்குப் பெரிய திரை. திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். கடைசி நிலத்தடித் தளத்தில் பேட்டரி அறை இருக்கிறது. அதில் ஏதோ சூடாகிறது என்று தகவல் வர, மேலாளர் மச்சினனை அனுப்பச் சொன்னார். அவன் கருவிப் பையோடு வந்து கதவருகில் நின்றான்.

“கீழ தண்ணி எப்படி மாமா?”

தரகர் திரையைப் பார்த்தார். கடைசித் தளம், நீர்மட்டம்: இயல்பு. பச்சை.

“காஞ்சு கிடக்கு. போய்ட்டு வா மாப்ள.”

அவன் போனான். தரகர் ஒரு காப்பி குடித்தார். மேலாளர் இருமல் மருந்து குடித்தார். மழை தன் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தது என்று எழுதலாம், ஆனால் அது குடிக்கவில்லை. ஊற்றிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பல் மருத்துவமனையிலிருந்து அழைப்பு. வரவேற்புப் பெண் அழாத குறையாகப் பேசினாள். அவர்களுடைய குறை கேட்கும் பெட்டிக்குள்ளிருந்து யாரோ ஒரு ஆள் கத்துகிறானாம். வாய் கூசும் வார்த்தைகளாம். நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்த நோயாளி அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டாராம்.

“என்னம்மா சொல்றான்?”

“அதெல்லாம் என்னால சொல்ல முடியாது சார். நடுவுல தண்ணி தண்ணிங்கிறான். காஞ்சு கிடக்குன்னு சொன்ன அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னு கத்துறான்.”

தரகர் காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். வைத்த இடத்தில் மேசை இல்லை.

நடந்தது இதுதான். பேட்டரி அறைக்குள் கைபேசி எடுக்காது; அதனால் சுவரில் ஒரு அழைப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினால் அது, கேட்பவர் யார் என்று கேட்கும். வழக்கமாகக் கட்டுப்பாட்டு அறையின் ஒலிபெருக்கிதான் கை தூக்கும். சும்மா கரகரக்கிறது என்று மேலாளர் அன்று காலை அதன் கழுத்தை நெரித்து வைத்திருந்தார். சேர்ப்பான் அடுத்த வரனைத் தேடியது. யார் பேசினாலும் கேட்கும், எதிர்த்துப் பேசாது என்று ஒரு பெட்டி. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

பெட்டி போன வழியில் இன்னும் எது எது போயிருக்கிறதோ. தரகர் திரையில் அந்தப் பச்சைப் புள்ளியைத் தொட்டு உள்ளே போனார். கடைசித் தள நீர்மட்டம். சொல்பவர்: மீன்தொட்டி, பல் மருத்துவமனை.

கீழ்த்தளக் குழியில் இருந்த அசல் கருவியைச் சேறு அடைத்து மத்தியானமே அதற்கு வாய் அடைத்துப் போயிருந்தது. அதன் இடத்தில் மீன்தொட்டி, இரவு பகல் பாராமல், ஒரு தவறும் சொல்லாமல், தன் தண்ணீர் இயல்பாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் படிக்கட்டில் ஓடினார்கள். கடைசித் தளத்துக்குப் போகும் படிகளில் பாதியைக் காணவில்லை. கறுப்புத் தண்ணீர் எண்ணெய்ப் படலத்தோடு சுவரை நக்கிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பேட்டரி அறையின் இரும்புக் கதவு. வெளிப்பக்கம் திறக்கிற கதவு அது. தாழ்வாரத்துத் தண்ணீர் முழுவதும் அதன்மேல் தோள் கொடுத்துச் சாய்ந்திருந்தது. உள்ளிருந்து தள்ளினாலும் வெளியிலிருந்து இழுத்தாலும் அசையாது. அடியிலுள்ள இடுக்கு வழியாகத் தண்ணீர் மட்டும் தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. கதவில் தட்டும் சத்தம் மெல்லக் கேட்டது.

தரகர் காலை வைக்கப்போனார். மேலாளர் சட்டையைப் பிடித்து இழுத்தார். தண்ணீருக்குள் மின்கம்பிகள் கிடந்தன. மெயினை அணைத்தால் தண்ணீரில் இறங்கலாம். ஆனால் அப்புறம் பம்பும் ஓடாது, இறங்கியும் அந்தக் கதவைத் திறக்க முடியாது. தீயணைப்புக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று, சாலையெல்லாம் வெள்ளம், வந்துகொண்டிருக்கிறார்கள் என்று மூச்சிரைத்தார்.

அப்போ பம்பைப் போடலாமே என்று கேட்பீர்கள். தரகரும் அதைத்தான் கேட்டார். பம்புக்கு முன்பெல்லாம் கையால் போடும் ஒரு சுவிட்சு இருந்தது. இனி இந்தக் கட்டடத்தில் மனிதன் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை என்று அறிவித்த அன்று அதைக் கழற்றிவிட்டார்கள். சிறிய விழா. கேக் வெட்டினார்கள். இப்போது தண்ணீர் ஏறிவிட்டது என்று நீர்மட்டம் சொல்பவர் யாராவது சொன்னால்தான் பம்பு ஓடும். நீர்மட்டம் சொல்பவரோ மேல்தளத்தில் இரண்டு தங்கமீன்களுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

திரும்ப ஓடிவந்து உட்கார்ந்தார்கள். வரவேற்புப் பெண்ணிடம் சொல்லி அவள் கைபேசியைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் செய்தார் தரகர். மேலாளரின் கைபேசியில் மச்சினன் குரல் வந்தது. இவர் பேசுவது அவனுக்குப் போகாது. அந்தப் பெட்டிக்குக் கேட்கவும், கேட்டதை உரக்க ஒலிக்கவும்தான் தெரியும்; பதிலைத் திருப்பி அனுப்பத் தெரியாது. தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது என்றான். ஸ்டூல்மேல் ஏறிவிட்டேன், கீழ்த்தட்டு பேட்டரியை இன்னும் தொடவில்லை, தொட்டுவிட்டால் அப்புறம் ஸ்டூல் இருந்தும் பிரயோஜனமில்லை என்றான். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் பெட்டி இனிமையான பெண்குரலில், உங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்றது. அதற்கு அவன் சொன்ன பதிலை இங்கே எழுதுவதற்கில்லை.

தரகரின் கைபேசி துடித்தது. மனைவி. தம்பி போனை எடுக்கவே மாட்டேன் என்கிறானே, எங்கே அவன் என்று கேட்டாள்.

“கீழ வேலையா இருக்கான்மா” என்றார்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் இதுவரை எழுதிய விவரங்களும் அப்படித்தான்.

தரகர் மீன்தொட்டியின் விவரத்தை அழித்தார். சேர்ப்பான் இமைப்பொழுது யோசித்தது. பச்சை. நீர்மட்டம் சொல்பவர்: காப்பி இயந்திரம், காப்பீட்டு அலுவலகம். அந்த அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அதையும் அழித்தார். பச்சை. இந்த முறை வாசல் மண்டபத்துப் பூந்தொட்டியின் ஈரமானி. “வேர்வரை அறிந்து சொல்லும்” என்று அதற்கு எழுதிய கையே இப்போது அதை அழித்தது. அடுத்தது ஐஸ் இயந்திரம். அடுத்தது மூன்றாம் மாடியில் கால் வலிக்காரர் ஒருவரின் வெந்நீர்த் தொட்டி. அழிக்க அழிக்க வரன்கள் வந்துகொண்டே இருந்தன, ஒவ்வொன்றும் அவர் கையாலேயே தலை வாரிப் பூ வைத்தது. ஒவ்வொன்றும் தண்ணீர் இயல்பு என்றது. பொருத்தம் கிடைத்தது, பொருத்தம் கிடைத்தது என்று திரை குதூகலித்தது.

“யாருங்க இதெல்லாம் எழுதினது?” என்றார் மேலாளர்.

கைபேசியில் மச்சினன் குரல் மாறியிருந்தது. திட்டுவதை நிறுத்திவிட்டான். அதுதான் தரகரை உலுக்கியது.

“யார் கேக்கறீங்களோ தெரியல. அக்காவுக்கு மட்டும் இப்ப சொல்லாதீங்க.”

உங்கள் மேலான கருத்துக்கு நன்றி.

தரகர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பம்புக்கு யார் சொல்கிறார்கள் என்பது முக்கியமில்லை. தண்ணீர் ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால் போதும். கட்டடத்திலுள்ள இத்தனை தண்ணீரில், பக்கத்தில் ஒரு மனுஷி நிற்கிற தண்ணீர் ஒன்றே ஒன்றுதான். அந்தத் தொட்டியை மறுபடி கொண்டுவர வேண்டும்.

ஆனால் ஒருமுறை விலக்கப்பட்ட வரனைச் சேர்ப்பான் லேசில் ஏற்காது. பழைய விவரத்தையே போட்டால் வரிசையின் கடைசியில் தள்ளிவிடும். வெந்நீர்த் தொட்டியை முந்த வேண்டுமானால் அதைவிடப் பெரிதாக எழுத வேண்டும். இதுவரை உண்மைக்கு முகம் கழுவித்தான் பழக்கம். இந்த முறை உண்மையை வாசலிலேயே நிறுத்திவிட்டு எழுதினார்: “இந்தத் தொட்டியின் தண்ணீரும் கடைசித் தளத்தின் தண்ணீரும் ஒன்றே. இது ஏறினால் அது ஏறும்.”

பின்னால் நின்று படித்த மேலாளர் கேட்டார்.

“இது பச்சைப் பொய் இல்லையா?”

“ஆமா மேடம்.”

“அனுப்புங்க.”

அனுப்பினார். சேர்ப்பான் யோசித்தது. இந்த முறை கொஞ்சம் அதிகமாகவே யோசித்ததாகப் பட்டது. பிறகு வெந்நீர்த் தொட்டி நகர்ந்து, மீன்தொட்டி வந்து உட்கார்ந்தது.

வரவேற்புப் பெண்ணிடம் தொட்டியில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். எவ்வளவு என்றாள். வழியும்வரை என்றார். மீன் வெளியே விழுந்துவிடும், டாக்டரைக் கேட்க வேண்டும், டாக்டர் கையில் ஒருவருடைய பல் இருக்கிறது என்றாள். தரகர் வாழ்க்கையில் எத்தனையோ பேரை எதற்கெல்லாமோ சம்மதிக்க வைத்தவர். இப்போது, “பெட்டிக்குள்ள பேசறது என் மச்சினன்மா. மூழ்கிக்கிட்டு இருக்கான்” என்று மட்டும் சொன்னார். அலங்காரம் இல்லாத வாக்கியம்.

அவள் ஓடும் சத்தம் கேட்டது. வாய் கொப்பளிக்க வைத்திருந்த காகிதக் குவளைகளால் முதலில் ஊற்றினாளாம், போதவில்லை என்று கழிப்பறை வாளியைத் தூக்கினாளாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது கைபேசியில் தண்ணீர் கொட்டும் சத்தமும், நடுநடுவே டாக்டரின் அதட்டலும், ஸ்டூல் ஆடும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. எந்தத் தண்ணீர் எந்தத் தளத்துத் தண்ணீர் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. தட்டு நனையப்போகுது என்றான் மச்சினன். திரை பச்சையாகவே இருந்தது. மேலாளர் தன்னையறியாமல் தரகரின் நாற்காலி முதுகைப் பிடித்திருந்தார்.

ஒரு மீன் தரையில் விழுந்துவிட்டது என்று அந்தப் பெண் கூவினாள்.

புள்ளி சிவந்தது.

எங்கோ அடியில், கட்டடம் தொண்டையைச் செருமுவது போல ஒரு உறுமல். பம்பு ஓடியது. இருவரும் அதைக் கேட்டார்கள். நிற்காமல் இருக்கிறதா என்று கேட்டார்கள். நிற்கவில்லை. வெகுநேரம் கழித்து, அல்லது அப்படித் தோன்றிய ஒரு நேரம் கழித்து, பெட்டி வழியாக ஒரு வார்த்தை வந்தது.

“இறங்குது.”

பெட்டி நன்றி சொன்னது. முதல்முறையாகப் பொருத்தமான இடத்தில்.

தாழ்வாரத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியதும், மெயினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்கள். மச்சினன் உதடு வெளுத்து, கருவிப் பையைத் தலைமேல் வைத்தபடியே வந்தான். தரகர் துண்டை நீட்டினார். அவன் துண்டை வாங்கிக்கொண்டான், ஆளைப் பார்க்கவில்லை. மெயினை மறுபடி போட்டார்கள். பம்பு விட்ட இடத்திலிருந்து உறுமியது. மீன் பிழைத்துவிட்டது, கொப்பளிக்கும் குவளையில் இருக்கிறது என்று மேலேயிருந்து தகவல் வந்தது.

எல்லாம் நான் எழுதினதுதான் என்று தரகர் மேலாளரிடம் சொன்னார். மச்சினன் இருக்கும்போதே சொன்னார். எதற்கு இடம் எது என்று எழுதாமல் விட்டதையும், ஏன் விட்டேன் என்பதையும் சொன்னார். மேலாளர் அதற்கென்ன செய்வது என்று நாளைக்குப் பார்க்கலாம், இன்றைக்கு மழை நிற்கவில்லை என்றார்.

மழை நிற்கவில்லைதான். தீயணைப்பு வண்டியும் இன்னும் வெள்ளத்தில்தான் நின்றது. மீன்தொட்டியை இரவெல்லாம் வழியவிட முடியாது. அதை விலக்கினால் வெந்நீர்த் தொட்டி வரும். அதனால் தரகர் உட்கார்ந்து, கட்டடம் முழுவதும் என்று தான் எழுதிய நீர்மட்டக்காரர்கள் அத்தனை பேரையும் அழித்தார். கடைசியில் சேர்ப்பானுக்கு யாரும் மிஞ்சவில்லை. திரையில், சொல்பவர் இல்லை என்று மஞ்சளில் வந்தது. மேலாளர் முகம் சுருங்கியது. அந்த நிறத்தை அவர் அந்தத் திரையில் அதிகம் பார்த்ததில்லை. பம்பு நின்றது.

வேறு வரன் எதுவும் மிஞ்சாதபோது மனிதனையும் சேர்ப்பான் ஏற்கும், கையில் கைபேசி இருந்து, விவரம் ஒன்று இருந்தால். நான் படியில் நின்று பார்த்துச் சொல்கிறேன் என்றார் தரகர். விவரத்தை நீ எழுது என்று கைபேசியை மச்சினனிடம் கொடுத்தார். அவன் துண்டோடு உட்கார்ந்து, ஈரக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி எழுதினான். “ஆள். தண்ணீரைக் கண்ணால் பார்த்துச் சொல்வார். இடம்: கடைசித் தளம், படிக்கட்டு.”

“அனுபவம் உள்ளவர்னு ஒண்ணு சேர்த்துக்கலாமே மாப்ள.”

“வேணாம்.”

பொருத்தம் குறைவு என்று சேர்ப்பான் முணுமுணுத்தது. வேறு வரன் இல்லாததால் கோத்துக்கொண்டது.

தரகர் படியில் போய் நின்றார். மச்சினன் வீட்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. இரண்டு படி மேலே வந்து உட்கார்ந்தான். தண்ணீர் மெல்ல மெல்ல மறுபடி ஏறத் தொடங்கியது.

“எங்க இருக்கு மாமா?”

“கீழ இருந்து மூணாவது படி. இன்னும் தொடல.”

மச்சினன் எழுந்து, அவர் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, கீழிருந்து ஒவ்வொரு படியாகத் தானும் எண்ணிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.